கிழித்தெடுத்த பக்கங்கள்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ புதினம் 2010ஆம் ஆண்டின் இறுதியில் காலச்சுவடு வெளியீடாக வந்தது. நான்கு ஆண்டுகள் அது நூலகங்களிலும் புத்தகக் கடைகளிலும் அமைதியாகவே இருந்தது. 2013இல் அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளியாயிற்று. 2014 டிசம்பர் 26 அன்று திருச்செங்கோட்டில் அதன் படிகள் எரிக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் நூலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரில் கைக்குக் கை மாறியிருந்தன. முழு நூல் இருந்தபோது வாளாவிருந்த ஊர், பிரித்தெடுத்த பக்கங்களைக் கண்டு கொதித்தெழுந்தது.

வேற்றுச் சமயத்தார் ஒருவரின் கோயிலைப் பற்றிய பூசலை ஒரு கத்தோலிக்க இதழில் எடுத்துப் பேசுவானேன் என்று வாசகர் கேட்கலாம். கேட்பது முறையே. கொங்கு மண்ணில் நாமும் வாழ்கிறோம் என்பது ஒரு காரணம். அந்நூலை எரித்தவர்கள் சொன்ன சொற்களையே, ‘எங்கள் சமய உணர்வு புண்பட்டது’ என்னும் அதே சொற்களை, வேறு நூல்களையும் படங்களையும் பற்றி நம்மவரும் சொல்லி வந்திருக்கிறோம் என்பது மற்றொன்று. ஆகவே முதலில் நூலைப் படிப்போம்.

காளி, பொன்னா என்னும் உழவர் குடித் தம்பதியர். காலம் வெள்ளையர் ஆட்சி. மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாயும் பிள்ளையில்லை. ஒருவரையொருவர் தீராத அன்போடு நேசிக்கிறார்கள். ஊருக்கோ அந்த அன்பு கண்ணில் படவில்லை, காலியான தொட்டில்தான் படுகிறது. நல்லது நடக்கும் இடங்களில் பொன்னா ஒதுக்கப்படுகிறாள். மலைமேல் உள்ள வறடிக்கல்லை உயிரைப் பணயம் வைத்துச் சுற்றி வருகிறாள். வேண்டாத தெய்வமில்லை. மறுமணம் செய்துகொள் என்று காளியிடம் சொல்கிறார்கள், அவன் இசையவில்லை. இறுதியில் இரு குடும்பத்தாரும் கூடி ஒரு வழி காண்கிறார்கள். மலைக் கோயிலின் தேர்த் திருவிழாவில், ஓர் இரவு மட்டும், பிள்ளையில்லாப் பெண் தான் விரும்பும் ஆணோடு கூடலாம். அவன் தெய்வமாகவே கருதப்படுவான். பிறக்கும் குழந்தை சாமி கொடுத்த பிள்ளை. காளி இதற்கு உடன்படவில்லை. அவன் உடன்பட்டுவிட்டதாகப் பொன்னாவை நம்பவைத்து அழைத்துச் செல்கிறார்கள். விடியுமுன் வீடு திரும்பும் காளி, அவள் இல்லாத வீட்டைக் காண்கிறான். பூவரச மரத்தடியில் கதை நிற்கிறது.

இதைப் படிக்கும் கத்தோலிக்க வாசகருக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியவர் அன்னா. சாமுவேலின் முதல் நூல் தொடங்குவதே ஒரு மலடியின் கண்ணீரில். பெனின்னா அவரைக் குத்திப் பேசுகிறார். கணவர் எல்கானாவோ, தம் அன்பு பத்துப் புதல்வருக்கு ஈடாகாதா என்று ஏங்கிக் கேட்கிறார். காளி அந்த எல்கானாவின் உடன்பிறப்பு. மனைவி போதும் என்று சொல்லும் ஆண் நம் இலக்கியத்தில் அரியவன். பிள்ளை வேண்டும் என்று ஊர் சொல்லும்போதும் அதையே சொல்பவன் இன்னும் அரியவன். கோயிலில் உதடுகள் மட்டும் அசைய மன்றாடிய அன்னாவைக் குரு ஏலி குடிகாரி என்று எண்ணியதையும் அந்நூல் மறைக்கவில்லை. துயருற்ற பெண்ணைச் சமயத் தலைவரே தவறாகப் படித்த காட்சி அது.

பிள்ளைக்காகத் தம் பணிப்பெண் ஆகாரைக் கணவரிடம் அனுப்பிய சாராவை நாம் அறிவோம். விலைமகள் கோலம் பூண்டு வழியோரத்தில் அமர்ந்து, மாமனார் யூதாவினால் கருவுற்ற தாமாரையும் அறிவோம். அறிவது மட்டுமன்று, மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஆண்டவரின் தலைமுறை அட்டவணையிலேயே தாமாரின் பெயரை ஒவ்வோர் ஆண்டும் திருவழிபாட்டில் வாசிக்கக் கேட்கிறோம். தொடக்க நூலின் முப்பத்தெட்டாம் அதிகாரத்தை மட்டும் நகலெடுத்து, இன்ன ஊரில் இன்ன குலத்தாரின் மூதாதையர் இப்படியாம் என்று சந்தையில் ஒருவர் கொடுத்திருந்தால் அங்கேயும் தீ மூண்டிருக்கும். முழு வேதத்தில் வைத்துப் படிக்கும்போது அது மீட்பின் வரலாறாகிறது. கிழித்தெடுத்தால் அவதூறாகிறது.

புண்பட்டவர்களின் பக்கம் ஒன்றுமே இல்லையா? உண்டு. அதைச் சொல்லாமல் கடந்து போவது நேர்மையாகாது. நூலில் ஊரின் பெயர் திருச்செங்கோடு என்றே இருந்தது. சமூகம் இன்னதென்றும் தெளிவாக இருந்தது. அந்த மலைக்குப் போய் வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். ‘சாமி கொடுத்த பிள்ளை’ என்று தன் மகனை வாஞ்சையோடு அழைத்த ஒரு தாய், அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் அச்சேறியிருப்பதை அறிந்தால் நெஞ்சம் பதறத்தான் செய்யும். வேளாங்கண்ணியில் தொட்டில் காணிக்கை செலுத்திய ஒரு பெண்ணைப் பற்றி இப்படி ஒருவர் எழுதியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாலே போதும். அந்தப் பதற்றம் போலியன்று. அதைத் தூண்டி வளர்த்த சாதி அமைப்புகளின், சமய அமைப்புகளின் கணக்கு வேறு.

ஆனாலும் ஊர்ப் பெயரை நீக்கியிருந்தால் நூல் நன்றாயிருந்திருக்கும் என்பாரோடு நாம் உடன்படவில்லை. அந்த மலைமேல் நிற்கும் இறைவன் அர்த்தநாரீசுவரர். பெண்ணைத் தன் உடலில் பாதியாகக் கொண்டவர். நூலின் தலைப்பே அதுதான். ஆணும் பெண்ணும் பிரிக்க இயலாதவாறு ஓருருவாய் நிற்கும் அந்த மலையின் அடிவாரத்தில்தான், ஓருயிராய் வாழும் ஆணையும் பெண்ணையும் ஊரார் பொய் சொல்லிப் பிரிக்கிறார்கள். வேறெந்த ஊரில், வேறெந்தத் தெய்வத்தின் நிழலில் இக்கதையை வைத்தாலும் இந்தக் கசப்பு கிட்டாது. உண்மையில் நூலில் இழிவுபடுவது அத்தெய்வமன்று. அத்தெய்வம் காட்டும் இல்லறத்தைப் புரிந்துகொள்ளாத சுற்றத்தார்.

நூலில் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். பொன்னாவின் அண்ணன் முத்து சொல்லும் பொய், கதை முடிச்சுக்காகச் செய்யப்பட்டது போல் தோன்றுகிறது. இத்தனை நெருங்கிய கணவன் மனைவி ஒரு சொல் நேரில் பேசிக்கொள்ளாமலா போவார்கள்? மணமே வேண்டாமென்று திரியும் நல்லுப்பையன் சித்தப்பாவின் வாயில் ஆசிரியர் தம் கருத்துகளைச் சற்று மிகையாகவே ஏற்றிவிடுகிறார். அவருடைய பேச்சில் கொச்சையும் உண்டு. நம் இல்லங்களில் உரக்கப் படிக்கத் தயங்கும் சொற்கள். ஆனால் கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்றையே தொகுத்தளித்த ஆசிரியர் இவர். களத்துமேட்டிலும் தொண்டுப்பட்டியிலும் உழவர் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசவிட்டிருக்கிறார். அவர்களைப் பண்டிதத் தமிழில் பேசவைத்திருந்தால் அதுவே பொய்யாகியிருக்கும்.

கிழித்தெடுக்கும் இந்த வேலை திருச்செங்கோட்டிற்கு மட்டும் உரியதன்று. படக்கதைகளில் இது இன்னும் எளிது. ஒரு பக்கத்தில் ஆறேழு கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஒரு பேச்சுக் குமிழ். அதில் மூன்று சொற்கள். வெட்டி எடுக்க ஒரு நொடி போதும். கோவை போன்ற நகரங்களில் ஆங்கிலப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் அமெரிக்க அதிநாயகர் படக்கதைகளை விரும்பிப் படிக்கிறார்கள். வானில் பறக்கும் வீரர் அடிபட்டு விழும்போதும் அதிர்ச்சியுறும்போதும் ஆண்டவரின் திருப்பெயரை வசைச்சொல்லாக வீசுகிறார். இரண்டாம் கட்டளையை ஞானோபதேசத்தில் கற்ற தாய்க்கு அது சுடுகிறது. அந்தச் சூடு நியாயமானது. அதைப் பழமைவாதம் என்று எள்ளுவார் பக்கம் நாமில்லை.

இதற்கு அமெரிக்காவில் ஒரு மருந்து கண்டார்கள். 1954இல் படக்கதைப் பதிப்பாளர்களே கூடி ஒரு விதிமுறை வகுத்தார்கள். வசைமொழி கூடாது, எந்தச் சமயத்தையும் ஏளனம் செய்யக் கூடாது என்பவை அதில் அடங்கும். ஆயர்கள் 1938லேயே அமைத்த நல்லிலக்கியத்துக்கான தேசிய அமைப்பும் அதற்கு முன்பே படக்கதைகளைத் தரம்பிரித்து வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் நின்ற அவ்விதிமுறையை 2011இல் கடைசிப் பதிப்பாளர்களும் கைவிட்டனர். அதற்குள் பெரியவர்களுக்கான கதைகள் அந்த முத்திரையின்றியே கடைக்கு வரத் தொடங்கிவிட்டிருந்தன.

பின்னர் 2019இல் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. மார்க் ரஸ்ஸல் எழுதி, ரிச்சர்ட் பேஸ் வரைந்த ‘செகண்ட் கமிங்’, அதாவது ‘இரண்டாம் வருகை’ என்னும் படக்கதையை டி.சி. நிறுவனம் அறிவித்தது. தந்தையாம் கடவுள், இயேசுவை மீண்டும் உலகிற்கு அனுப்பி, சன்ஸ்டார் என்னும் அதிநாயகனோடு ஒரே வீட்டில் தங்கி வல்லமையைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார் என்பது கதை. முதல் இதழ் வெளிவருமுன்பே அதை நிறுத்தக் கோரும் விண்ணப்பத்தில் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். படைப்பாளர்கள் உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதே ஆண்டு ஜூலையில் அஹோய் என்னும் சிறிய பதிப்பகத்தின் வழியாக வெளியிட்டனர். ஒப்பமிட்டவர் கையில் ஒரு பக்கமும் இல்லை; கதைச் சுருக்கம் மட்டுமே இருந்தது. திருச்செங்கோட்டார் சில பக்கங்களையேனும் படித்திருந்தார்கள்!

அந்தப் படக்கதை பெரிய இலக்கியம் என்று நாம் சொல்ல வரவில்லை. தந்தையாம் கடவுளைச் சிடுசிடுத்த கிழவராகக் காட்டும் நகைச்சுவை மலிவானது. ஆனால் கதையின் கேள்வி மலிவானதன்று. பகைவனை அடித்து வீழ்த்துவதே மீட்பு என்று நம்பும் அதிநாயகன் ஒருபுறம். கன்னத்தைக் காட்டியவர் மறுபுறம். தம் பெயரால் மனிதர் செய்தவற்றைக் கண்டு அந்த இயேசு திகைக்கிறார். திருப்பெயரை வசையாக வீசும் நூறு படக்கதைகள் எதிர்ப்பின்றி விற்க, அப்பெயருக்குரியவர் யார் என்று கேட்ட ஒன்று எதிர்ப்புக்கு உள்ளானது விந்தையே.

இனி நம் நாட்டில் நம்மவர் செய்தது. 2006இல் ‘த டா வின்சி கோட்’ திரைப்படத்திற்குத் தணிக்கை வாரியம், இது கற்பனை என்னும் அறிவிப்போடு, வயதுவந்தோர்க்கான சான்று அளித்தது. ஆயினும் தமிழக அரசு அதைத் தடைசெய்தது. தடை கோரியவர்களில் நம்மவர் இருந்தனர். அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் பிரபா ஸ்ரீதேவன் அத்தடையை நீக்கினார். 2012இல் மும்பையில் ஒரு சிலுவையின் பாதத்திலிருந்து நீர் கசிந்ததைப் புதுமை என்று மக்கள் கூடியபோது, அது சுவரில் ஏறிய ஈரம் என்று சொன்ன பகுத்தறிவாளர் சனல் எடமருகு மீது கத்தோலிக்க அமைப்பினர் இந்தியத் தண்டனைச் சட்டம் 295அ பிரிவின்கீழ் புகார் செய்தனர். அவர் நாட்டைவிட்டுப் பின்லாந்துக்குப் போனார். புதுமைகளை ஆராய்ந்து, பெரும்பாலானவற்றை ஏற்காமல் விடும் நெடிய மரபு நம் திருச்சபைக்கே உண்டு. அந்த ஆராய்ச்சியை வெளியார் ஒருவர் செய்ததற்காகக் காவல் நிலையத்திற்கு ஏன் போக வேண்டும்?

(இடையில் ஒன்று. பரமார்த்த குருவைக் கொண்டு குருமாரை நகையாடியவரும், லுத்தேரன்களைச் சாடி ‘லுத்தேரினத்தியல்பு’ எழுதியவரும் நம் வீரமாமுனிவர்தாம். 1927இல் இயற்றப்பட்ட 295அ அவர் காலத்தில் இருந்திருக்குமானால் ஏலாக்குறிச்சியில் அவருக்கு அழைப்பாணை வந்திருக்கும்.)

அச்சட்டம் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 299ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அதே வேரிலிருந்து பாகிஸ்தானில் கிளைத்தது என்ன என்பதை நம்மவர் மறக்கலாகாது. அங்கே அதே தண்டனைத் தொகுப்பில் 1980களில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. நிந்தனைக்கு மரண தண்டனை வந்தது. 1998 மே மாதம், ஒரு கிறிஸ்தவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை எதிர்த்து ஃபைசலாபாத் ஆயர் ஜான் ஜோசப் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அச்சட்டத்தைத் திருத்தக் கோரிய கத்தோலிக்க அமைச்சர் ஷாபாஸ் பட்டி 2011 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆசியா பீபி என்னும் ஏழைத் தாய் 2010இல் மரண தண்டனை பெற்று, 2018இல்தான் விடுதலையானார். புண்பட்ட உணர்வைச் சட்டத்தின் கையில் கொடுத்தால், எண்ணிக்கையில் பெரியவரின் புண்ணுக்கே அச்சட்டம் மருந்திடும். இந்தியாவில் நாம் எண்ணிக்கையில் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் வேண்டாம் என்று தாமே தீர்ப்பெழுதுவாரும் உளர். 2017 மார்ச்சில் நம் கோவை மாநகரிலேயே, இறைமறுப்புக் கருத்துகளைப் பரப்பி வந்த ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்கள் அவர் பிறந்த சமயத்தவர். அதற்கு ஈராண்டுக்கு முன், 2015 பிப்ரவரியில், கரூர்ப் பகுதியில் புலியூர் முருகேசன் என்னும் எழுத்தாளர் தம் சிறுகதை ஒன்றுக்காக அடித்து நொறுக்கப்பட்டார்.

திருச்செங்கோட்டில் அடி விழவில்லை, அலுவலகமே போதுமானதாயிருந்தது. 2015 ஜனவரி 9 அன்று ஊரில் கடையடைப்பு. 12ஆம் நாள் நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சு’. நிபந்தனையற்ற மன்னிப்பு, சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குதல், விற்காத படிகளைத் திரும்பப் பெறுதல் என்று எழுதிய தாளில் ஒப்பமிட்டுவிட்டு ஆசிரியர் வெளியே வந்தார். நிலத் தகராறைத் தீர்ப்பது போல ஒரு புதினத்தைத் தீர்த்தார்கள். அதன்பின் அவர் முகநூலில் வெளியிட்ட அறிவிப்பு தமிழகம் முழுவதும் அறிந்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்றும், அவன் கடவுள் அல்லன் ஆதலால் உயிர்த்தெழப் போவதில்லை என்றும், இனி ஓர் எளிய ஆசிரியன் மட்டுமே வாழ்வான் என்றும் அதில் சொன்னார். சில வாரங்களில் அவரும் மனைவியும் நாமக்கல்லை விட்டுச் சென்னைக்குப் பணிமாற்றம் பெற்றுச் சென்றனர்.

உயிர்த்தெழுதல் என்னும் சொல்லை நாம் எளிதில் கடந்து செல்ல இயலாது. கிறிஸ்தவரல்லாத ஒருவர், தம் வாழ்வின் மிக இருண்ட நாளில், நம் நம்பிக்கையின் மையச் சொல்லையே எடுத்து, அது தமக்கில்லை என்று எழுதுகிறார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்யநாராயணாவும் அளித்த நீண்ட தீர்ப்பு, அந்தச் சொல்லையே எடுத்து அவருக்கு மறுமொழி கூறுகிறது. ஆட்சியர் அலுவலக ஒப்பந்தம் யாரையும் கட்டாது. பிடிக்காதவர் நூலை மூடிவைக்கலாம். எழுத்தாளர் உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்பது அதன் சாரம். இவ்வுரையாடலில் உயிர்ப்பைப் பற்றி நம்மவர் எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம் அல்லவா?

சொல்வதற்கு நமக்கு வரலாறும் இருந்தது. 1559 முதல் திருச்சபை விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலை வைத்திருந்தது. விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசரபிள்’, சுத்தானந்த பாரதியார் ‘ஏழைபடும் பாடு’ என்று தமிழில் தந்த அந்நூல், 1864 முதல் 1959 வரை அப்பட்டியலில் இருந்தது. வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனைக் காட்டிக்கொடாமல் விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்த ஆயரின் கதையை எத்தனை மறையுரைகளில் கேட்டிருக்கிறோம்! அந்த ஆயரைப் படைத்த நூலைத்தான் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு விலக்கி வைத்திருந்தோம். 1965 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. உண்மை தன் சொந்த வலிமையாலன்றி வேறு வகையால் மனித மனத்தில் தன்னைத் திணிப்பதில்லை என்பது அதன் அடிப்படை. அடுத்த ஆண்டே, 1966இல், ஆறாம் பவுல் திருத்தந்தையின் காலத்தில் அப்பட்டியல் தன் சட்ட வலுவை இழந்தது. நம்பிக்கை அதனால் சரிந்துவிடவில்லை.

தாய்மார் கேட்பார்கள்: அப்படியானால் பிள்ளையின் கையில் எதையும் கொடுக்கலாமா? கூடாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ‘மாதொருபாகன்’ உரியதன்று. ‘இரண்டாம் வருகை’யும் அன்று. பிள்ளை எதைப் படிக்கிறது என்பதைப் பார்க்கும் உரிமையும் கடமையும் பெற்றோர்க்கே உண்டு. பேச்சுக் குமிழில் திருப்பெயர் வசையாக வந்தால், அந்த இதழைப் பிடுங்கி எரிப்பதைக் காட்டிலும், அருகில் அமர்ந்து அந்தப் பெயர் நமக்கு யார் பெயர் என்று ஐந்து நிமிடம் பேசுவது கடினமானது. அதை ஆட்சியர் அலுவலகத்திற்கு அனுப்ப இயலாது. ஒரு நூல் தீயது என்று நமக்குத் தோன்றினால் அதை எழுதிக் காட்டும் பக்கங்கள், இந்த இதழ் உட்பட, இருக்கின்றன. மறுப்பு நூல்கள், மாற்று நூல்கள் எழுதுவதற்கு ஆள் குறைவாயிருப்பதுதான் நம் நோய்.

தீர்ப்புக்குப் பின் பெருமாள்முருகன் எழுதத் தொடங்கினார். தமக்குள் ஒரு தணிக்கையாளன் வந்து அமர்ந்துவிட்டான் என்று 2016 ஆகஸ்டில் தில்லியில் சொன்னார். லாசர் கல்லறையிலிருந்து வெளியே வந்தபோதும் கைகால்கள் துணியால் கட்டுண்டிருந்தன என்று யோவான் எழுதுகிறார். கட்டை அவிழ்க்கும் வேலை சுற்றி நின்றவர்களிடம் விடப்பட்டது. அவரது அடுத்த புதினம் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம் என்று முன்னுரையில் சொல்லிவிட்டு ஆட்டைப் பற்றி எழுதினார். அதிலும் ஒரு கிழவி தன் ஆட்டுக்குட்டியோடு வரிசையில் நிற்கிறாள். குட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அதன் காதில் துளையிட்டு எண் பொருத்துவதற்கு அங்கே அதிகாரிகள் காத்திருக்கிறார்கள்.